‘ஒண்டும் திறக்குதில்லை’: வன்னியில் ஒரு லினக்ஸ் சேர்வர் முடங்கினால் எங்கிருந்து தேடுவது

கிளிநொச்சியில் இருந்துகொண்டு மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம் உள்ள சில லினக்ஸ் சேர்வர்களைக் கவனிப்பது என் வேலை. ஒரு நெல் ஆலை, ஒரு கூட்டுறவுச் சங்கம், இரண்டு கல்வி நிலையங்கள் என்று எல்லாம் சின்ன இடங்கள்தான். அலுமாரிக்குள் ஒரு மெசின், பக்கத்தில் ஒரு யுபிஎஸ், மேலே ஒரு மின்விசிறி. அங்கே வேலை செய்பவர்களுக்கு லினக்ஸ் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தொலைபேசியில் அவர்கள் சொல்லும் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தேடத் தொடங்குவேன். அதனால் இந்தக் குறிப்பையும் அந்த வசனங்களின் கீழேயே பிரித்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில்: நிப்பாட்டிப் போடுவதற்கு முன்

“அண்ணை, ஒருக்கா நிப்பாட்டிப் போடட்டோ?” என்று, அதாவது மெசினை அணைத்துத் திரும்பப் போடவா என்று, எல்லோரும் கேட்பார்கள். “பொறுங்கோ” என்பதுதான் என் பதில். நிப்பாட்டிப் போட்டால் பாதித் தரம் சரிவரும், உண்மைதான். ஆனால் எந்தப் புரொசெஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மெமரியைத் தின்றது, எது டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்தது என்ற தடயம் எல்லாம் அந்த நொடியே போய்விடும். அடுத்த கிழமை அதே பிழை அதே நேரத்தில் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

இதற்காக ஒவ்வொரு மெசினிலும் ‘சாட்சி’ என்ற பெயரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ‘டேட்’, ‘அப்டைம்’, ‘ஃப்ரீ -எம்’, ‘டிஎஃப் -எச்’, ‘டிஎஃப் -ஐ’, மெமரிப்படி வரிசையாக்கிய ‘பிஎஸ்’, ‘எஸ்எஸ் -எஸ்’, லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ் -டி’யின் (இந்த டி பெரிய எழுத்து) கடைசி நூறு வரிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் திகதியோடு எழுதிவிடும். சில நொடிகளில் முடியும். அதற்குப் பிறகு தாராளமாக நிப்பாட்டிப் போடலாம். உள்ளே நுழையவே முடியாவிட்டால், அங்கே நிற்பவரிடம் திரையைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரையில் நிற்கும் கடைசி நான்கு வரி பல தரம் முழுக் கதையையும் சொல்லிவிடும்.

கூடவே ‘சிஸ்ஸ்டாட்’ பொதியை நிறுவி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிபியு, மெமரி, டிஸ்க் நிலவரத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். ‘சார்’ கட்டளையில் நேற்று மதியம் ஒரு மணிக்கு என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கலாம். நிறுவிய மறுநாள், அது உண்மையாகப் பதிகிறதா என்று ஒரு தரம் பாருங்கள். நிறுவியும் இயக்காமல் விட்டிருந்ததை, தேவைப்பட்ட நாளில்தான் நான் கண்டுபிடித்தேன்.

“ஒண்டும் திறக்குதில்லை”

செத்தது மெசினா, மெசினுக்குப் போகும் பாதையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளிக்கிட வேண்டாம். பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் முல்லைத்தீவு வரை போய், கழன்று கிடந்த ஒரு வயரைச் செருகிவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு.

அங்கே நிற்பவரிடம் நான்கு கேள்விகள். கரண்ட் இருக்கிறதா? மெசினில் லைற் எரிகிறதா? நெட்வேர்க் வயர் செருகிய இடத்தில் லைற் மினுங்குகிறதா? அதே கட்டடத்துக்குள் இருக்கும் வேறு கணினியில் திறக்கிறதா? நான்காவது கேள்விக்கு “ஓம், உள்ளுக்குத் திறக்குது” என்று பதில் வந்தால் சேர்வரை விட்டுவிட்டு இணைப்பைப் பாருங்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து, மெசின் பதில் சொல்கிறதா என்று கேட்கும் ‘பிங்’ செய்து பாருங்கள். ஆனால் பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பல ரவுட்டர்கள் பிங்கை மறித்துவிடும். அடுத்து, தொலைவிலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் மூலம் நுழையப் பாருங்கள். கிடைக்கும் பிழைச் செய்தியைக் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இதுதான். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால் மறுமுனையில் ஒரு மெசின் உயிரோடு இருந்து பதில் சொல்கிறது. பெரும்பாலும் அந்தச் சேவை மட்டும் விழுந்திருக்கும். ‘டைம்ட் அவுட்’ என்று நெடுநேரம் இழுத்து வந்தால் போன தரவுப் பொட்டலங்களுக்கு யாருமே பதில் சொல்லவில்லை. மெசின், ரவுட்டர், லைன், ஃபயர்வால் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். கதவைத் தட்டினால் “இப்ப ஏலாது” என்று உள்ளிருந்து குரல் வருவதும், ஆளரவமே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்லவே.

உள்ளூர்களில் பல இடங்களில் 4ஜி ரவுட்டர்தான் இணைப்பு. அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், அது பலருக்குப் பொதுவாகப் பகிர்ந்த இணைப்பு. வெளியிலிருந்து அந்தச் சேர்வரைத் தட்டிப் பார்க்கவே முடியாது. இங்கே கண்காணிப்பைத் தலைகீழாக்க வேண்டும். நாம் போய்க் கேட்காமல், சேர்வரே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியிலுள்ள ஒரு சின்ன வாடகைச் சேர்வருக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் வேலையை ஓடவைக்கும் ‘கிரானில்’, இணைய முகவரியை அழைக்கும் ‘கர்ல்’ ஒரு வரி போதும். பதினைந்து நிமிடம் குரல் வராவிட்டால் வெளியிலுள்ளது எனக்குச் செய்தி அனுப்பும். இங்கே நான் செய்த ஏற்பாடுகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன். கண்காணிக்கும் மெசினையும் அதே அறையில், அதே யுபிஎஸ்ஸில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். பிறகு யார் யாருக்குச் செய்தி அனுப்புவது?

மெசின் திரும்ப எழும்பிய பிறகு, ஏன் விழுந்தது என்று பாருங்கள். ‘ஜெர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்’ எத்தனை தரம் எழும்பியது என்று காட்டும். ‘ஜெர்னல்சிடிஎல் -பி -1 -இ’ முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகளுக்குக் கொண்டுபோகும். சேவைகள் ஒவ்வொன்றாக நின்ற வரிகள் இருந்தால் யாரோ, அல்லது யுபிஎஸ் மென்பொருள், முறையாக நிறுத்தியிருக்கிறது. ஏதோ சாதாரண வரியோடு பாதியில் அறுந்து நின்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கிறது. இந்த லொக் (நிகழ்வுப் பதிவு) டிஸ்க்கில் தங்க ‘வார்’ அடைவின் ‘லொக்’ உள்ளே ‘ஜெர்னல்’ என்ற அடைவு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நிறுத்தத்தோடும் அழிந்துபோகும்.

யுபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. பச்சை லைற்றை நம்ப வேண்டாம். இங்குள்ள வெக்கைக்கு ஈய பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடுகிறது, லைற்றோ பச்சையாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், வேலை இல்லாத நேரம் பார்த்து, மெசினை முறையாக நிறுத்திவிட்டு, ஒரு 100 வாட் குமிழை யுபிஎஸ்ஸில் செருகிச் சுவர் பிளக்கைக் கழற்றி மணிக்கூட்டைப் பாருங்கள். ரவுட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மெசின் எழும்பும்போது நுழையும் பயோஸ் அமைப்பில், கரண்ட் திரும்பி வந்ததும் தானாக எழும்பும்படி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் விடிய வந்து யாராவது பொத்தானை அழுத்தும்வரை மெசின் தூங்கும்.

“சரியான ஸ்லோ”

எனக்கு அதிகமாக வரும் முறைப்பாடு இது. காரணங்களும் அதிகம், பொறுமையாகத்தான் தேட வேண்டும்.

‘அப்டைம்’ அடித்தால் மூன்று எண் வரும்: கடைசி 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. ‘என்ப்ராக்’ அடித்தால் எத்தனை கோர் என்று தெரியும். நான்கு கோர் மெசினில் சுமை 4 வரை இருந்தால் வேலை நடக்கிறது, அவ்வளவுதான். 12 என்றால் வரிசை நிற்கிறது. ஆனால் எதற்கான வரிசை? லினக்ஸின் சுமைக் கணக்கில் சிபியுவுக்குக் காத்திருப்பவையோடு, டிஸ்க் போன்றவற்றுக்காக எழும்ப முடியாமல் கிடப்பவையும் சேரும். அதனால் சுமை 40 என்று காட்ட, சிபியு சும்மா இருப்பதும் உண்டு. தொலைவிலுள்ள ஒரு சேர்வரின் அடைவை என்எஃப்எஸ் மூலம் இணைத்திருந்து, அந்த லைன் அறுந்தால் இது அப்படியே நடக்கும்.

ஆகவே அடுத்தது ‘டொப்’. மேலே சிபியு வரியில் நான்கு எழுத்துச் சோடிகளைப் பாருங்கள். ‘யுஎஸ்’ கூட என்றால் உங்கள் புரோகிராம்கள்தான் உழைக்கின்றன. ‘டபிள்யுஏ’ கூட என்றால் டிஸ்க்குக்குக் காத்திருப்பு. ‘எஸ்வை’ கூட என்றால் கேர்னல் வேலை. ‘எஸ்டி’ வாடகைச் சேர்வர்களில்தான் வரும். உங்களுக்குரிய சிபியு நேரத்தை அதே இயந்திரத்தில் குடியிருக்கும் வேறொருவர் எடுக்கிறார் என்று அர்த்தம். அதை நீங்கள் உள்ளிருந்து சரிசெய்ய முடியாது. ‘சார்’ பதிவை எடுத்துக்கொண்டு வாடகைக்குத் தந்தவரோடு கதையுங்கள்.

நெல் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். சிறுபோக அறுவடை, ஆகஸ்ட் மாதம், சோளகம் வீசும் காலம். தினமும் பதினொரு மணிக்குப் பிறகு தராசுப் பதிவு இழுக்கிறது, நாலு மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. நடுப்பகலில்தான் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும், ஆகவே வேலை கூடியதால் வந்த சுமை என்று நானும் நினைத்தேன். ‘சாரில்’ பார்த்தால், மாலை ஐந்து மணிக்கும் அதே அளவு பதிவுகள் நடக்கின்றன, அப்போது சிபியு முக்கால்வாசி சும்மா இருக்கிறது. மதியம் அதே வேலைக்கு அது முழுதாக மூச்சு வாங்குகிறது. ‘டபிள்யுஏ’ ஒன்றுகூட இல்லை. ‘டிமெசேஜ்’ஜில்தான் அந்த வரி இருந்தது: சூடு எல்லையைத் தாண்டியதால் சிபியுவின் வேகம் குறைக்கப்பட்டது. ‘சென்சர்ஸ்’ அடித்தேன். 97 பாகை.

அடுத்த நாள் காலை போய் மெசினை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். விசிறியின் கீழே வெப்பத்தகடுகளே தெரியவில்லை. தவிட்டுத் தூசியும் உமித்தூசியும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு போல அவற்றை மூடியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன், முழுத் துண்டும் ஒன்றாகவே உரிந்து வந்தது. தகடுகளின் வரி அதில் அச்சாகப் பதிந்திருந்தது. மிச்சத்தைப் பெயின்ற் தூரிகையால் தட்டி எடுத்தேன். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்ற விடக்கூடாது. அன்று மதியம் அதே வரிசை, அதே வேலை, 64 பாகை. அலுமாரியை ஆலைப் பக்கச் சுவரிலிருந்து மாற்றினோம். இப்போது 80 பாகைக்கு மேல் பத்து நிமிடம் நின்றால் எனக்குச் செய்தி வரும். வன்னியில் சேர்வர் வைத்திருப்பவர்கள் சிபியு சதவீதத்துக்கு முன் சூட்டைக் கண்காணியுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது இதனால்தான்.

‘டபிள்யுஏ’ கூடவாக இருந்தால் ‘ஐஓஸ்டாட் -எக்ஸ் 1’ அடியுங்கள். ஒவ்வொரு வாசிப்பும் எழுத்தும் எத்தனை மில்லிநொடி காத்திருக்கிறது என்பதே அங்கே முக்கியம். எஸ்எஸ்டியில் அது சில மில்லிநொடியைத் தாண்டி நூற்றுக்கணக்கில் நின்றால் ஒன்று ஏதோ அளவுக்கு மீறி எழுதுகிறது, அல்லது டிஸ்க் சாகப் போகிறது. ‘ஐஓடொப்’ முதலாவதைச் சொல்லும். ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ இரண்டாவதைச் சொல்லும். சுழலும் டிஸ்க் என்றால் அதில் இடமாற்றப்பட்ட செக்டர், நிலுவையிலுள்ள செக்டர் ஆகிய வரிகளின் எண் கூடிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். கூடினால் அன்றைக்கே பிரதி எடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

மெமரியில் ஒரு வீண் பயம் பலருக்கு உண்டு. ‘ஃப்ரீ -எம்’ அடித்து, ‘ஃப்ரீ’ என்ற நிரலில் 120 மெகாபைட் என்று கண்டதும் பதறுவார்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் கோப்புகளின் நகலுக்குப் பயன்படுத்தும், கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது கடைசியிலுள்ள ‘அவைலபிள்’ நிரல். கேர்னல் 3.14 முதல் அந்தக் கணக்கைக் கேர்னலே தருகிறது. அதுவும் தேய்ந்து, ‘விஎம்ஸ்டாட் 1’இல், மெமரி போதாமல் டிஸ்க்குக்குப் போய்வருவதைக் காட்டும் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ நிரல்கள் பூச்சியத்துக்கு இறங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உண்மையான தட்டுப்பாடு.

“பதிஞ்சா சேவ் ஆகுதில்லை”

டிஸ்க் நிரம்பியிருக்கும். ‘டிஎஃப் -எச்’ 100 சதவீதம் காட்டினால் ‘டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1’ மூலம் எந்த அடைவு பெருத்தது என்று இறங்கிப் போங்கள். பெரும்பாலும் லொக் அல்லது பழைய பிரதிகள்.

குழப்பும் நிலைகள் மூன்று. ஒன்று, ‘டிஎஃப்’ நிரம்பியது என்கிறது, ‘டியு’வில் கூட்டினால் பாதிதான் வருகிறது. யாரோ பெரிய லொக் கோப்பை அழித்திருக்கிறார்கள், ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் சேவை இன்னும் விடவில்லை. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இரண்டாவது எல் பெரிய எழுத்து) அந்தச் சேவையைக் காட்டும். அதை மட்டும் மீள இயக்கினால் இடம் திரும்பி வரும். இரண்டு, இடம் இருக்கிறது, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறது. ‘டிஎஃப் -ஐ’ அடியுங்கள். லட்சக்கணக்கான துணுக்குக் கோப்புகள், கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் ஐநோட்டுகளைத் தின்றிருக்கும். மூன்று, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்காக) எழுத முடிகிறது, மற்றவர்களால் முடியவில்லை. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைப்பதால் வருவது இது.

அவசரத்தில் தரவுத்தள அடைவுக்குள் போய் ‘லொக்’ என்று பெயர் வைத்த கோப்புகளை அழிக்க வேண்டாம், தயவுசெய்து. அவை சாதாரண லொக் அல்ல. பரிவர்த்தனைப் பதிவுகள். அழித்தால் தரவுத்தளம் எழும்பாமல் போகலாம். ‘ஜெர்னல்சிடிஎல் --வேக்யும்-சைஸ்=500எம்’ (எம் பெரிய எழுத்து) அடித்து, ஜெர்னல் லொக்கை 500 மெகாபைட் அளவுக்குச் சுருக்கிக் கொஞ்ச இடத்தை முதலில் மீட்டு, மூச்சு விட்டு, பிறகு யோசியுங்கள்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் ‘ரீட் ஒன்லி’ என்று வந்தால் அது வேறு விடயம். கேர்னல் டிஸ்க்கில் பிழை கண்டு, மேலும் கெடாமல் இருக்க எழுத்தை மறித்திருக்கிறது. பலவந்தமாகத் திறக்க முயலாமல் முதலில் பிரதி எடுங்கள். வாசிக்க முடியும் வரைதான் உங்களுக்கு நேரம்.

“இரவில தானா நிண்டுடுது”

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடித்துச் சேவை நின்ற விதத்தைப் பாருங்கள். வெளியேற்ற எண் 137 என்றால் 128ஓடு 9 சேர்ந்தது, யாரோ பலவந்தமாகக் கொன்றிருக்கிறார்கள். ‘டிமெசேஜ்’ஜில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருந்தால் கொன்றது கேர்னல். கொல்லப்பட்டது பெரும்பாலும் தரவுத்தளமாக இருக்கும், அது பெரியது என்பதால். குற்றவாளி அதே நேரத்தில் ஓடிய பிரதி எடுக்கும் வேலையாக இருக்கலாம். ‘கிரான்’ நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் இரண்டு பெரிய வேலைகள் ஒரே மணிக்கு முட்டிக்கொள்வது கண்ணில் படும்.

“பாதுகாப்பில்லை எண்டு சிவப்பாக் காட்டுது”

இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படாமல் நின்றிருக்கும். ஆனால் கரண்ட் போய்வந்த மறுநாள் இது வந்தால் முதலில் சிவப்பாகக் காட்டும் கணினியின் திகதியைப் பாருங்கள், சேர்வரிலும் ‘டேட்’ அடியுங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணயப் பற்றரி செத்திருந்தால் மெசின் பல வருடங்களுக்கு முந்தைய திகதியோடு எழும்பும். அப்போது அந்த மெசினில் திறந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பற்றரியை மாற்றி, சேர்வரில் நேரத்தைச் சரிசெய்யும் ‘குரோனி’யை இயக்கி, ‘குரோனிசி டிராக்கிங்’ மூலம் நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நேரம் என்று வந்ததால் இன்னொன்று. சேர்வரை உலக நேரத்தில் வைத்தால் லொக்கில் காணும் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். “நேற்று ஒரு மணிக்கு” என்று அக்கா சொன்னால் லொக்கில் 07:30. எங்கள் பகுதியில் வயது வந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முன்தள்ளியபோது வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு திரும்பவும் ஐந்தரைக்கு வரும்வரை, எந்த நேரம் என்று கேட்டுத்தான் ஒரு சந்திப்பையே ஒழுங்கு செய்தார்கள். முறைப்பாடு வரும்போது நானும் அப்படித்தான் கேட்கிறேன், கேட்டதை இரண்டு நேரத்திலும் எழுதி வைக்கிறேன்.

“நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள், ஏன் தெரியேல்லை?”

இந்த வசனம் வலிக்கும். பெரும்பாலும் நியாயமாகவும் இருக்கும். கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, ஆனால் சங்கத்தில் ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை. நான் பார்த்தது பிங்கையும், இணையப் பக்கம் வரும் 443ஆம் போர்ட்டையும் மட்டும். இரண்டும் சரி, பின்னால் தரவுத்தளம்தான் விழுந்திருந்தது. இப்போது உள்நுழையும் பக்கத்தைத் திறந்து, தரவுத்தளத்திலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்கும்படி வைத்திருக்கிறேன். பயனர் செய்யும் வேலையையே கண்காணிப்பும் செய்ய வேண்டும்.

எச்சரிக்கை அதிகமாக வந்தாலும் தவறும். ஒரு நாளைக்கு அறுபது செய்தி வந்தால் அறுபத்தோராவதை யாரும் வாசிக்கமாட்டார்கள். சிபியு ஒரு நிமிடம் 90 சதவீதம் போனதற்கு என்னை எழுப்ப வேண்டியதில்லை. ப்ரொமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ‘ஃபொர்’ விதியில் பத்து நிமிடம் என்று வைத்தால், நின்று நீடிப்பது மட்டும் வரும். இரவில் எழுப்புவதற்கு மூன்று மட்டும் வைத்திருக்கிறேன்: குரல் நின்றது, டிஸ்க் 95 சதவீதம், சூடு. மற்றவை காலைக்குப் போதும்.

கிடைப்பு நேரத்தை, அதாவது சேர்வர் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதை, உரிமையாளரோடு கதைத்து முடிவு செய்யுங்கள். 99.9 சதவீதம் என்று சொல்வது இலகு. 30 நாள் மாதத்தில் சேர்வர் நிற்கக்கூடியது 43 நிமிடம்தான், ஒரு கரண்ட் வெட்டிலேயே முடிந்துவிடும். 99 என்றால் 7 மணித்தியாலம் 12 நிமிடம். ஆலைக்காரரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொன்னேன். “அறுவடை நேரம் பகலில நிக்கக்கூடாது தம்பி, மற்ற நேரம் பரவாயில்லை” என்றார். ஆகவே அங்கே புதுப்பிப்புகளை இரவில் வைத்து, அறுவடைக்கு முந்தைய கிழமை பற்றரி, தூசி, டிஸ்க் மூன்றையும் பார்த்துவிடுகிறேன்.

அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே சொன்ன நான்கு கேள்விகளும் தமிழில், பெரிய எழுத்தில், எந்த லைற் என்று காட்ட அம்புக்குறியோடு. போன மாதம் ஆலையிலிருந்து அழைத்த பிள்ளை வணக்கம் சொன்ன கையோடு, “கரண்ட் இருக்கு, மெசின் லைற் எரியுது, வயர் லைற் மினுங்கேல்லை” என்றாள். வயரை ஒரு தரம் கழற்றிச் செருகச் சொன்னேன். எலி கடித்த இடம் அவள் கையிலேயே தட்டுப்பட்டது.